தலையில் அடிபட்ட குழந்தை

பெங்களூரில் 1954-இல் தோன்றிய அகில இந்திய மனநல நிலையம், 1974-இல் அங்கிருந்த மனநோய் மருத்துவமனையுடன் இணைந்து 'நிம்ஹான்ஸ்' ஆயிற்று. தலையில் அடிபட்ட குழந்தைகள் பலர் அங்குக் கொண்டுவரப்படுகின்றனர். உயரத்தினின்று வீழ்தலும் சாலை விபத்துமே முதன்மையான காரணங்கள்.

குழந்தையின் தலை உடலை நோக்கப் பெரிது. கழுத்துத் தசைகளோ வலுவற்றவை. மண்டை ஓடும் மெல்லியது. காயத்தின் கடுமையை அறிய, டீஸ்டேலும் ஜென்னெட்டும் 1974-இல் வகுத்த கிளாஸ்கோ அளவுமுறை பயன்படுகிறது. கண் திறத்தல், பேச்சு, உறுப்பசைவு ஆகியவற்றை நோக்கி 3 முதல் 15 வரை எண் இடுவர். 8-உம் அதற்குக் கீழும் கடுங்காயம். பேச்சறியாக் குழந்தையிடம் பேச்சுக்கு ஈடாக அழுகையின் தன்மை நோக்கப்பெறும்.

இளமூளை எச்சேதத்தையும் ஈடுசெய்துகொள்ளும் என்று நெடுங்காலம் நம்பினர். மார்கரெட் கென்னார்டு 1930-களில் குரங்குகளில் நடத்திய சோதனைகள் இதற்கு அரணாயின. ஆயின் அவர் ஆராய்ந்தது, மூளையில் உடலியக்கத்தை ஆளும் பகுதியின் சேதத்தையே. மூளை முழுதும் அதிர்ந்த குழந்தையின் நிலை வேறு. மூன்று வயதில் அடிபட்ட குழந்தை விரைவில் ஓடியாடும்; பெற்றோரும் கவலை நீங்குவர். கவனமும் திட்டமிடுதலும் வேண்டப்படும் மேல்வகுப்பிலேதான் குறை வெளிப்படும். அதனை ஆசிரியர் சோம்பலென்பார். பழைய அடியை எவரும் நினைப்பதில்லை. ஆதலின் மருத்துவமனைக் குறிப்புகளைப் பள்ளிப்படிப்பு முடியுமட்டும் பேணி வைத்து, ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் காட்டுதல் வேண்டும்.