சம்பளமில்லாப் பயிற்சி யாருக்கு இலாபம்?

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் மாதங்கள் நம் நாட்டில் நீளமானவை. அந்த இடைவெளியில் கணக்காய்வு அலுவலகம், மருந்தகம், பாலர் பாடசாலை என்று சம்பளமின்றி வேலை பழகப் போவது கண்டியில் புதிதல்ல. "சும்மா உழைத்துக் கொடுக்கவா போகிறாய்?" என்று உம்மா கேட்பார். கேட்பதில் நியாயம் உண்டு.

மருத்துவப் பட்டம் பெற்றவர் கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற இடங்களில் ஓராண்டு உள்ளகப் பயிற்சி பெறுகிறார். அவருக்கு அரசு சம்பளம் தருகிறது. பயிற்சித் தாதியருக்கும் மாதக் கொடுப்பனவு உண்டு. சட்டக் கல்லூரி மாணவர் ஆறு மாதம் ஒரு சட்டத்தரணியிடம் பயில வேண்டும்; அங்கே பெரும்பாலும் பணத்தை எதிர்பார்க்க முடியாது. ஆனால் மூன்றிலும் கற்பிக்க ஒருவர் இருக்கிறார், முடிவுத் திகதி இருக்கிறது, இறுதியில் ஒரு தகைமை இருக்கிறது.

இவை இல்லாவிட்டால் என்ன ஆகும்? போர்க்காலத்தில் வடக்கு, கிழக்குப் பாடசாலைகளைத் தாங்கிய தொண்டர் ஆசிரியர்களைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் கற்பித்த பலர் பின்னர் நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் நிற்க நேர்ந்தது.

விடுமுறையில் நான் ஆறு வாரம் ஒரு கணக்கு அலுவலகத்துக்குப் போனேன். பாடநூலில் வங்கிக் கணக்கிணக்கக் கூற்று என்றால் இரண்டு மூன்று வேறுபாடுகள்தான். அங்கோ ஒரு கடையின் காசோலைப் புத்தகத்தில் பாதி அடிக்கட்டைகள் வெறுமையாக இருந்தன! தொலைபேசியில் சிங்களத்தில் பதில் சொல்லவும் அங்கேதான் பழகினேன். இவற்றை எந்த வகுப்பும் தந்திருக்காது.

ஆனால் அக்குறணையிலிருந்து எனக்குப் பஸ் காசு தர வாப்பா இருந்தார். நாவலப்பிட்டியிலிருந்து வருபவள் தங்க அறையும் தேட வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே வாய்ப்பு என்ற இதே குறையால்தான் அமெரிக்க வெள்ளை மாளிகைகூட 2022இல் தன் பயிலுனர்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. வசதி குறைந்த தோழிகள் முதலில் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையில் விசாரிப்பது நல்லது. 1971இல் தொடங்கிய பயிலுனர் சபையின் வழிவந்தது அது. தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழுக்கும் அங்கே வழியுண்டு.

எங்கு போனாலும் யாரின் கீழ் பழகுவோம், எந்தத் திகதியில் முடியும் என்பதை எழுத்தில் கேளுங்கள். கடிதத்தையும் வாசித்துப் பார்த்தே வாங்குங்கள். எனக்கு முதலில் தந்ததில் "நன்னடத்தையுள்ளவர்" என்ற ஒரு வரிதான் இருந்தது. செய்த வேலைகளையும் குறிப்பிடுமாறு கேட்டேன். மறுநாளே வேறு கடிதம் தட்டச்சுச் செய்து தந்தார்கள்.