ரிப்பன் பிரபுவும் விளப்பில்சாலையும்

தன்னாட்சி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன டில்லிப் பாராளுமன்றமும் மாநிலச் சட்டமன்றமுமே. தெருவிளக்கை ஏற்றும் பஞ்சாயத்தும், குப்பையை அகற்றும் நகராட்சியும் நினைவுக்கு வருவதில்லை. ஆயினும், மக்களாட்சியின் வேர் இச்சிறு மன்றங்களில்தான் இருக்கிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரிட்டனின் லிபரல் அறிஞர்கள் கருதினர். அக்கருத்து எவ்வாறு எழுந்தது, நம் நாட்டிற்கு எவ்வாறு வந்தது, நாம் பயிலும் திருவனந்தபுரத்தில் அஃது எத்தகைய சோதனைக்கு உள்ளாயிற்று என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறேன்.

கொள்கையின் தோற்றம்

இங்கிலாந்தில் நகர மன்றங்கள் நெடுங்காலம் ஒரு சிலரின் தனியுடைமை போலவே இருந்து வந்தன. 1835ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம், வரி செலுத்துவோர் தம் மன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நிலைநாட்டியது. பின்னர் 1861இல் ஜான் ஸ்டூவர்ட் மில், பிரதிநிதித்துவ ஆட்சி பற்றிய தம் நூலில், தல சுயாட்சியின் பயனை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஊர்க் காரியங்கள் ஒழுங்காக நடப்பது ஒரு பயன். பொதுக் காரியத்தைச் சுமந்து பழகுவதால் குடிமக்கள் அடையும் கல்வி மற்றொரு பயன். அதிகாரம் ஊர்தோறும் பரவியிருக்கலாம். அறிவு மட்டும் ஒரு நடுவிடத்தில் திரண்டு எல்லா ஊர்க்கும் பயன்பட வேண்டும் என்பதும் அவர் கருத்து.

இக்கொள்கையைச் செயலில் காட்டிய நகரங்களுள் முதன்மையானது பர்மிங்காம். 1873 முதல் 1876 வரை அந்நகரின் மேயராயிருந்த ஜோசப் சேம்பர்லேன், எரிவாயுவையும் குடிநீரையும் தனியார் கம்பெனிகளிடமிருந்து வாங்கி நகர்மன்றத்தின் உடைமையாக்கினார். நகராட்சி என்பது வரி வாங்கும் அலுவலகம் மட்டுமன்று, மக்களின் நலத்தைப் பேணும் நிறுவனம் என்பதை அவர் காட்டினார்.

ரிப்பனின் தீர்மானம்

1880ஆம் ஆண்டுத் தேர்தலில் கிளாட்ஸ்டன் தலைமையில் லிபரல் கட்சி வெற்றி பெற்றது. அவ்வாண்டே ரிப்பன் பிரபு இந்தியாவின் வைசிராயாக வந்தார். 1882 மே 18இல் அவருடைய அரசு வெளியிட்ட தீர்மானமே நம் தல சுயாட்சி வரலாற்றின் திருப்புமுனை. மன்ற உறுப்பினருள் மூன்றில் இரண்டு பங்கினர் அரசு அலுவலர் அல்லாதாராக இருத்தல் வேண்டும். கூடியவரை தலைவரும் அவ்வாறே இருத்தல் வேண்டும் என்று அது கூறியது. அதைவிட முக்கியமானது அது தந்த காரணம். நிர்வாகம் உடனே சிறந்துவிடும் என்பதற்காக இது செய்யப்படவில்லை. மக்களுக்கு அரசியற் கல்வி கிடைக்கும் என்பதற்காகவே செய்யப்படுகிறது என்று தீர்மானம் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. மில்லின் குரலை இதில் நாம் கேட்கலாம்.

1884இல் சென்னை மாகாணத்தில் தல ஸ்தாபனச் சட்டமும் ஜில்லா நகராட்சிச் சட்டமும் இதன் விளைவாக எழுந்தன. ரிப்பனை 'அப்பன்' என்றே அழைத்த வழக்கு தமிழ்நாட்டில் இன்றும் நினைவு கூரப்படுகிறது. 1913இல் திறக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மாளிகை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

நாம் இதனால் மயங்கிவிடலாகாது. ரிப்பனின் தீர்மானம் பொறுப்பைத் தந்த அளவுக்குப் பணத்தைத் தரவில்லை. வாக்குரிமையும் சொத்தும் வரியும் உடையாரோடு நின்றது. 1899இல் கர்சன் பிரபுவின் காலத்தில் கல்கத்தா மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் வலிமையே குறைக்கப்பட்டது. "எங்கள் உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டிலேயே குடவோலை இருந்ததே" என்று நண்பர் சிலர் கேட்கலாம். உண்மைதான். கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் வாரியத்திற்கு வரவொட்டாமல் தடுத்த அக்கல்வெட்டு வியக்கத்தக்கது. ஆனால் அங்கும் நிலமும் வேதக் கல்வியும் உடையார்க்கே இடம் இருந்தது. எல்லார்க்கும் உரிய தல சுயாட்சி, நம் நாட்டில், குடியரசின் காலத்திலேயே வந்தது.

திருவனந்தபுரத்தின் சோதனை

திருவிதாங்கூர் மன்னராட்சி நாடாதலால் ரிப்பனின் தீர்மானம் இங்கு நேரே செல்லவில்லை. எனினும் காலத்தின் காற்று வீசாமல் இல்லை. 1888இலேயே இங்குச் சட்டசபை ஏற்பட்டது. 1920இல் திருவனந்தபுரம் நகராட்சியாயிற்று, 1940இல் மாநகராட்சியாயிற்று. அரசியலமைப்பின் 73, 74ஆம் திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்தபின், கேரளம் 1994இல் பஞ்சாயத்துச் சட்டத்தையும் நகராட்சிச் சட்டத்தையும் இயற்றியது. 1996 ஆகஸ்டு 17இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. ரிப்பன் விட்டுச்சென்ற குறை, அதாவது பணம் இல்லாத பொறுப்பு என்னும் குறை, பெரிதும் நீங்கியது.

இனி, சோதனைக்கு வருவோம். 2000ஆம் ஆண்டில் மாநகராட்சியின் குப்பையை உரமாக்கும் நிலையம் நகருக்குக் கிழக்கே விளப்பில்சாலையில் தொடங்கப்பட்டது. அவ்வூர் மாநகராட்சிக்கு உட்பட்டதன்று. விளப்பில் கிராமப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. நகரின் கழிவு நாள்தோறும் லாரிகளில் அங்குச் சென்றது. உரமாகாத குப்பை குவிந்தது. அதிலிருந்து கசிந்த நீர் ஓடையிற் கலந்தது. நாற்றமும் ஈயும் ஊராரின் வாழ்வைக் கெடுத்தன. 2011 டிசம்பரில் பஞ்சாயத்து நிலையத்தைப் பூட்டிவிட்டது. 2012இல், நீதிமன்ற ஆணையுடன் போலீசார் துணைக்கு வந்தும், மக்கள் திரண்டு சாலையை மறித்தனர். நிலையம் மீண்டும் இயங்கவில்லை. மாநகரின் தெருக்களில் குப்பை தேங்கியது.

இங்கு யார் பக்கம் நீதி? மாநகராட்சியும் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம். பஞ்சாயத்தும் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம். நகர மக்களின் தொகை பெரிது. கிராம மக்களின் தொகை சிறிது. தொகையைக் கொண்டு தீர்ப்புச் சொல்வதாயின் விளப்பில்சாலை தோற்றிருக்கும்.

பர்மிங்காமில் கிடைத்த விடை

இதே கேள்வி 1858இல் இங்கிலாந்தில் எழுந்தது என்பதைப் படித்தபோது நான் வியப்புற்றேன். நகராட்சிக்குப் புகழ் சேர்த்த அதே பர்மிங்காம், தன் சாக்கடையை டேம் ஆற்றில் விட்டது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் நிலம் உடைய சார்லஸ் ஆடர்லி என்பவர் பொருட்டு வழக்குத் தொடுக்கப்பட்டது. சாக்கடையை நிறுத்தினால் இரண்டரை இலட்சம் மக்கள் நோயுறுவர் என்று நகர்மன்றம் வாதாடியது. எத்தனை இலட்சமாயினும் ஒருவனுடைய உரிமையை அழிக்க நகர்மன்றத்திற்கு அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. அதன்பின் பல ஆண்டுகள் முயன்று, 1877இல் பர்மிங்காமும் அண்டை ஊர்களும் சேர்ந்து ஒரு கூட்டுக் கழிவுநீர் வாரியத்தை அமைத்துக் கொண்டன. வழக்கு தவற்றை நிறுத்தியது. கூட்டு வாரியமே வழியைத் திறந்தது.

இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஆடர்லி பெருநிலக்கிழார், பாராளுமன்ற உறுப்பினர். வழக்கறிஞரை வைத்துப் போராட அவரால் முடிந்தது. விளப்பில்சாலையார் எளிய மக்கள். அவர்களுக்கு வாயாக நின்றது பஞ்சாயத்து. தல சுயாட்சி மக்களுக்குக் கல்வி தரும் என்று ரிப்பன் சொன்னது வீண்போகவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆனால் பாடம் இத்துடன் முடியவில்லை. ஒவ்வோர் ஊரும் "என் எல்லைக்குள் வேண்டா" என்று சொல்லிக் கதவடைத்தால் குப்பை வானத்திற்குப் போய்விடாது, கால்வாய்க்குத்தான் போகும். 2024 ஜூலையில் தம்பானூர் இரயில் பாதைக்கு அடியில் ஆமையிழஞ்சான் தோட்டைத் துப்புரவு செய்ய இறங்கிய தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். இரண்டு நாள் தேடிய பின்னரே உடல் கிடைத்தது. அப்பகுதியைத் தூய்மை செய்வது இரயில்வேயின் கடமையா, மாநகராட்சியின் கடமையா என்று அப்போது வாதம் எழுந்தது. எல்லைக்கோட்டைப் பற்றிப் பேசுவார் பலர். கோட்டின்மேல் கிடக்கும் குப்பைக்குப் பொறுப்பேற்பார் இல்லை.

ஆதலின் நான் கருதுவது இதுவே. உரிமை என்பது பிறர் கழிவை மறுக்கும் உரிமை மட்டுமன்று. தன் கழிவைப் பிறர் வாயிலில் கொட்டாத கடமையும் அதனுள் அடங்கும். விளப்பில்சாலைக்குப் பின் திருவனந்தபுரம் அவ்வழியில் திரும்பியது. வீட்டிலேயே குழாய்களில் உரம் ஆக்கும் முறையும், வட்டாரங்களில் காற்றோட்டத் தொட்டிகளும் பரவின. மக்காத பொருள்களை வீடுதோறும் வாங்கும் ஹரித கர்ம சேனைப் பெண்களை இன்று தெருக்களில் காண்கிறோம். ஓர் ஊரால் தனித்து முடியாததைப் பல ஊர்கள் கூடிச் செய்யவும் சட்டத்தில் இடம் உண்டு. நகராட்சிக்கும் பஞ்சாயத்துக்கும் பொதுவான காரியங்களைக் கருத்திற் கொண்டு மாவட்டத் திட்டக் குழு திட்டமிட வேண்டும் என்று அரசியலமைப்பே கூறுகிறது. பர்மிங்காம் 1877இல் கண்ட வழி நம் சட்டப் புத்தகத்திலும் இருக்கிறது; அதைக் கையாளும் மனம்தான் வேண்டும்.

மாணவ நண்பர்களே! 2020இல் இந்நகரின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆர்யா இராஜேந்திரனுக்கு அப்போது வயது 21. அவர் கல்லூரி மாணவி. ஆகவே இஃது முதியோர் காரியம் என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. தமிழகத்திலிருந்து வந்து பயிலும் நம்மிற் பலருக்கு இங்கே வாக்கு இல்லை. ஆயினும் நம் விடுதிச் சோற்றின் மிச்சமும் நாம் குடித்தெறியும் தேநீர்க் குவளையும் இந்நகரின் கழிவோடுதான் சேர்கின்றன. வாக்கு இல்லாத இடத்திலும் கடமை உண்டு. நம் விடுதியின் குப்பை எங்கே செல்கிறது, யார் கையால் செல்கிறது என்று விடுதிக் குழுவின் அடுத்த கூட்டத்தில் ஒருவராவது எழுந்து கேட்போமாக. ரிப்பன் சொன்ன அரசியற் கல்வி அந்தக் கேள்வியிலேயே தொடங்கும்.