வார்டில்தான் மார்க் விழுகிறது

பைனல் இயர் மெடிசின் பிராக்டிக்கல். லாங் கேஸாக வந்தவர் நீண்ட நாள் சர்க்கரை நோயாளி. மாணவர் மிடுக்காக பிரசென்ட் பண்ணுகிறார். ஹிஸ்டரி சரளமாக வருகிறது, ஓவர்கோட்டில் ஒரு சுருக்கம் இல்லை. “பெரிஃபெரல் பல்ஸ் எல்லாம் ரெண்டு பக்கமும் நல்லா ஃபீல் ஆகுது சார்.” கால் எப்படி என்று கேட்டேன். “நார்மல் சார்.” படுத்திருந்த பெரியவர் வாயைத் திறக்கவில்லை. போர்வையை மட்டும் மெல்ல விலக்கினார். இடது காலில் இரண்டு விரல் இல்லை.

டயாபெடிக் ஃபுட் பற்றிக் கேட்டிருந்தால் அந்த மாணவர் அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசியிருப்பார். பாடம் அவருக்குத் தெரியும். பார்க்காததைப் பார்த்தேன் என்றார், அதில்தான் பெயிலானார். எக்ஸாமினர் நாற்காலியிலிருந்து இதைப் பல தடவை பார்த்துவிட்டேன். மெடிக்கல் காலேஜில் அறிவுக்கு ஒரு மார்க், நடத்தைக்கு ஒரு மார்க் என்று தனித்தனியாக விழுவதில்லை. நோயாளியின் கட்டில் பக்கத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியவரும். இதைப் புரிந்துகொண்டு ஆடுபவர் முந்துகிறார். மற்றவர்கள் ‘எனக்கு மட்டும் ஏன் மார்க் குறைந்தது’ என்று கேன்டீனில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

1. முதலில் ஆட்டத்தின் விதியைப் படியுங்கள். 2019இல் சேர்ந்த பேட்ச் முதல் எம்பிபிஎஸ் படிப்பு திறன் அடிப்படையிலான பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டது. கூடவே ‘ஏட்காம்’ என்று 27 மாட்யூல்கள் வந்தன. மனப்பான்மை, மருத்துவ அறம், நோயாளியிடம் பேசும் முறை ஆகியவைதான் அவற்றின் பாடம். சீனியர்கள் இதை ‘சும்மா கிளாஸ்’ என்பார்கள். நம்பாதீர்கள். இதிலிருந்து தியரி தாளிலேயே கேள்வி வரும். அட்டெண்டன்ஸ் தியரிக்கு 75 சதவீதம், பிராக்டிக்கலுக்கு 80 சதவீதம். இன்டர்னல் மார்க் போதாவிட்டால் பல்கலைக்கழகத் தேர்வு வாசலையே மிதிக்க முடியாது. இவ்வளவு தெரிந்தும் ப்ராக்ஸி போட்டு மாட்டிக்கொள்பவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள். ஒரு கையெழுத்துக்காக மூன்று வருஷ நல்ல பெயரை விற்பது நஷ்ட வியாபாரம்.

2. பிரமிடில் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் 1990இல் ஒரு பிரமிடு வரைந்தார். கீழ்ப்படி ‘தெரியும்’, அதற்கு மேல் ‘எப்படி என்று தெரியும்’, அதற்கும் மேல் ‘செய்து காட்டுவேன்’, உச்சியில் ‘நிஜமாகவே செய்கிறேன்’. எம்சிக்யூ கேள்விகள் கீழ் இரண்டு படிகளை அளக்கும். ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு மூன்றாவது படியை அளக்கும். உச்சிப்படியை அளப்பது வார்டு. அங்கே மார்க் போடுபவர்கள் உங்களுக்குத் தெரியாமலே போடுவார்கள்.

இங்கேதான் நம் பிள்ளைகள் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். நீட் பிஜியில் 200 கேள்வி, 800 மார்க், தப்பான பதிலுக்கு ஒரு மார்க் கழிவு. ஆகவே போஸ்டிங் நேரத்தில் ஹாஸ்டலில் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுகிறார்கள். படிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை, போட்டி அப்படி. ஆனால் இப்போதைய கேள்விகளில் பெரும்பகுதி ‘45 வயது ஆண், இரண்டு வாரமாகக் காய்ச்சல்’ என்று ஒரு நோயாளியோடுதான் ஆரம்பிக்கிறது. அந்த ஆளை வார்டில் நேரில் பார்த்தவருக்கு பதில் சீக்கிரம் வரும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு கேஸை முழுதாகப் பாருங்கள், அன்று இரவு அந்த டாபிக்கை மட்டும் படியுங்கள். வீடியோ அதற்குப் பிறகு.

3. நோயாளியின் தமிழைக் கற்றுக்கொள்ளுங்கள். இதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் எடுத்துக்கொள்கிறேன், எந்த ஆப்பிலும் இது கிடைக்காது. ‘மயக்கமா வருது’ என்பார் ஒரு அம்மா. நீங்கள் உடனே ‘சின்கோப்’ என்று எழுதிவிடுவீர்கள். அவர் சொன்னது தலை சுற்றலாக இருக்கலாம், கண் இருட்டிக்கொண்டு வந்ததாக இருக்கலாம், வெறும் அசதியாகவும் இருக்கலாம். “விழுந்தீங்களா? நினைவு தப்பிச்சா? வீடே சுத்துன மாதிரி இருந்துச்சா?” என்று மூன்று கேள்வி கேட்டால் மூன்று வேறு நோய்களுக்கு வழி பிரியும். ‘இளைச்சுட்டேன்’ என்றால் எடை குறைந்தது. ‘இளைக்குது’ என்றால் மூச்சு வாங்குவது. ‘சூட்டுக்கடுப்பு’ என்பது காய்ச்சல் அல்ல, சிறுநீர் எரிச்சல். ‘நெஞ்சுல வாயு பிடிச்சிருக்கு’ என்று ஐம்பது வயதுக்காரர் சொன்னால் ஈசிஜி எடுத்துப் பார்க்கும்வரை அது வாயு இல்லை.

கேள்வி கேட்கும் விதமும் அப்படித்தான். “சர்க்கரை இருக்கா?” என்று கேட்டால் “இல்லைங்க” என்பார், மாத்திரையில் அது கட்டுக்குள் இருப்பதால். “சர்க்கரைக்கு எப்பவாவது மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா?” என்று கேளுங்கள், உண்மை வரும். குடிப்பழக்கத்தை மனைவியும் மாமியாரும் சுற்றி நிற்கும்போது கேட்காதீர்கள். ‘நீ, வா, படு’ என்று அப்பா வயதுக்காரரை விரட்டாதீர்கள். ‘ஐயா’, ‘அம்மா’ என்று கூப்பிட்டுப் பெயரைக் கேட்டு, உங்கள் பெயரையும் மெடிக்கல் ஸ்டூடன்ட் என்பதையும் சொல்லுங்கள். பத்து வினாடி வேலை. இதற்கு ஆஸ்கி செக்லிஸ்டில் தனியாக மார்க் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், பணிவுக்காகச் செய்யாதவர்கள் மார்க்குக்காகவாவது செய்யட்டும்.

4. ஆஸ்கி என்பது செக்லிஸ்ட். ரொனால்ட் ஹார்டனும் அவருடைய குழுவும் 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டியிலிருந்து இந்த முறையை அறிமுகப்படுத்தினார்கள். எக்ஸாமினரின் மூடைப் பொறுத்து மார்க் மாறக் கூடாது என்பதே நோக்கம். அதனால் நீங்கள் மனதுக்குள் செய்ததற்கு மார்க் கிடையாது. கை கழுவினால் அது தெரிய வேண்டும். சம்மதம் கேட்டால் காதில் விழ வேண்டும். பெண் நோயாளியைப் பரிசோதிக்கும் முன் ஒரு சிஸ்டரையோ பெண் உதவியாளரையோ கூப்பிட வேண்டும், திரையை இழுத்துவிட வேண்டும். முடிந்ததும் சேலையையோ போர்வையையோ பழையபடி மூடிவிட்டு நன்றி சொல்லுங்கள். பெல் அடித்ததும் நோயாளியை அப்படியே விட்டு ஓடுபவர்களை நாங்கள் மறப்பதில்லை.

5. ‘பார்க்கவில்லை சார்’ என்று சொல்லப் பழகுங்கள். முதலில் நாக்கு கூசும். ஆனால் ‘பார்க்கவில்லை’ என்பவருக்கு ஒரு மார்க்தான் போகும், ‘நார்மல்’ என்று அள்ளிவிடுபவருக்கு மொத்த கேஸும் போகும். ஒரு பொய் பிடிபட்டால் அதற்கு முன் சொன்ன பத்து உண்மைகளையும் எக்ஸ்டர்னல் சந்தேகப்படுவார். சிஆர்ஆர்ஐ, அதாவது இன்டர்ன் ஆனபின் இந்தச் சோதனை வேறு உருவத்தில் வரும். பிபி சார்ட்டில் இரண்டு மணிக் கட்டம் காலியாக இருக்கும், ரவுண்ட்ஸ் வரப்போகிறது. ‘ஏதாவது 120/80ன்னு போட்டுடுப்பா’ என்பார் ஒரு சீனியர். “எடுத்துட்டு எழுதறேன் சார்” என்று சொல்லிவிட்டு கஃபை எடுத்துக்கொண்டு போங்கள். சண்டை வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம். புரொபஷனலிசம் என்பது பெரியவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவது என்று நம் காலேஜ்களில் ஒரு நினைப்பு இருக்கிறது. அது தப்பு.

6. லாக்புக்கை அன்றன்றைக்கே முடியுங்கள். ஒவ்வொரு திறனுக்கும் ரேட்டிங் உண்டு: எதிர்பார்ப்புக்குக் கீழே, எதிர்பார்த்த அளவு, அதற்கு மேலே. திரும்பச் செய்ய வேண்டுமா, முடிந்ததா என்பதும் பதிவாகும். ஆசிரியர் கையெழுத்து போடும்போதே “எதில் குறைந்தேன் மேடம்?” என்று கேட்டுவிடுங்கள். இலவச டியூஷன் அது. பரீட்சைக்கு முந்தின வாரம் நாற்பது கையெழுத்துக்கு வரிசையில் நிற்பவரை எந்த டிபார்ட்மென்டும் நல்லபடியாக நினைவில் வைத்துக்கொள்ளாது.

ரிஃப்ளெக்ஷன் எழுதச் சொன்னால் நீங்களே எழுதுங்கள். என்ன நடந்தது, அதனால் என்ன தெரிந்தது, அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்ற மூன்றும் இருந்தால் போதும். ஒரே முதியவர் ஒரே பேட்சில் முப்பது பேருடைய கையைப் பிடித்துக் கண்ணீர் விட்டிருப்பதை நான் படித்திருக்கிறேன். பாவம், அவர் எந்த வார்டில் இருந்தாரோ!

7. இரவு இரண்டு மணிக்கு பிஜி டாக்டரை எழுப்பும் கலை. இது இன்டர்ன்ஷிப்பில் உங்கள் பெயரைத் தீர்மானிக்கும். ‘சார், பேஷண்ட் ஒரு மாதிரியா இருக்காரு’ என்று போன் பண்ணினால் திட்டுதான் கிடைக்கும். அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவத்துக்கு வந்த எஸ்பார் என்ற முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிலைமை, பின்னணி, உங்கள் கணிப்பு, உங்கள் வேண்டுகோள் என்ற வரிசை. இப்படிச் சொல்லுங்கள்:

“சார், ஆண்கள் மெடிக்கல் வார்டு, 14ஆம் பெட். மூச்சு அதிகமாயிருக்கு, நிமிஷத்துக்கு 32. சாச்சுரேஷன் 86, பிபி 90/60. அம்பத்தெட்டு வயசு, சர்க்கரை நோயாளி, நேத்து நிமோனியான்னு அட்மிட் ஆனவர். செப்சிஸ்னு நினைக்கிறேன். ஆக்சிஜன் போட்டாச்சு, லைன் இருக்கு. நீங்க வந்து பார்க்கணும் சார்.”

முப்பது வினாடி கூட ஆகாது. எதிர்முனையில் இருப்பவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார். போன் பண்ணும் முன் நான்கு எண்கள் கையில் இருக்க வேண்டும்: நாடி, பிபி, மூச்சு, சாச்சுரேஷன். கேஸ் ஷீட்டும் பக்கத்தில் இருக்கட்டும். ‘இருங்க சார், பார்த்துட்டு சொல்றேன்’ என்ற பதிலை உங்கள் அகராதியிலிருந்து அடித்துவிடுங்கள்.

8. சிஸ்டரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

9. மொபைலை அடக்குங்கள். அபூர்வமான எக்ஸ்ரே கிடைத்ததும் பெயரோடு படம் பிடித்து பேட்ச் குரூப்பில் போடுகிறீர்கள். தியேட்டரில் செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறீர்கள். பின்னணியில் மயக்கத்தில் படுத்திருப்பவரிடம் யார் அனுமதி கேட்டது? நோயாளியின் ரகசியத்தைக் காப்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. ஸ்க்ரீன்ஷாட் எடுப்பவர் உங்கள் பேட்ச்மேட்டாகவே இருப்பார், போட்டி என்றால் அதுவும் சேர்த்துத்தான்.

10. ‘காலேஜில் எப்படி இருந்தால் என்ன, டாக்டரானதும் சரியாகிவிடுவேன்’ என்பவர்களுக்கு ஒரு ஆய்வைக் காட்டுகிறேன். மாக்சின் பாப்படாகிஸ் குழுவினர் 2005இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்டது. அமெரிக்காவின் மூன்று மருத்துவக் கல்லூரிகளில் படித்து, பிறகு மெடிக்கல் போர்டுகளால் தண்டிக்கப்பட்ட 235 டாக்டர்களின் மாணவப் பருவப் பதிவுகளைத் தோண்டி எடுத்தார்கள். தண்டனை பெறாத 469 பேரின் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். மாணவராக இருந்தபோதே நடத்தையில் குறை பதிவாகியிருப்பதற்கான வாய்ப்பு தண்டிக்கப்பட்டவர்களிடம் மூன்று மடங்கு. கடுமையான பொறுப்பின்மை என்ற தலைப்பை மட்டும் எடுத்தால் எட்டு மடங்குக்கு மேல். அதற்கு அடுத்தபடியாக நின்றது, குறையைச் சுட்டிக்காட்டினால் திருத்திக்கொள்ளாத குணம். மார்க் குறைவுக்கும் தொடர்பு இருந்தது, ஆனால் இந்த அளவுக்கு இல்லை. பொறுப்பின்மை என்றதும் பெரிய குற்றம் என்று நினைக்காதீர்கள். வருகிறேன் என்ற நேரத்துக்கு வராதது, ஒப்புக்கொண்ட வேலையை முடிக்காதது போன்றவைதான்.

நம் ஊர்க் கணக்கு இன்னும் நேரடியானது. தனியார் மருத்துவமனையில் வேலைக்குப் போனால் சர்டிஃபிகேட்டைப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு உங்கள் பழைய சீஃபுக்கு ஒரு போன் போடுவார்கள். “பையன் எப்படி சார்?” அந்தப் பக்கத்திலிருந்து வரும் பதில் இரண்டு வார்த்தைதான். ‘நல்ல பையன்’ என்றால் வேலை. ‘ம்ம்... பரவாயில்லை’ என்றால் அடுத்த ஆள். உங்கள் ஆறாவது செமஸ்டர் மார்க் அவருக்கு நினைவிருக்காது. நோயாளியின் ரத்த ரிப்போர்ட்டை லேபிலிருந்து ஓடிப்போய் வாங்கி வந்தது யார், டியூட்டி முடியும் முன்பே காணாமல் போனது யார் என்பது நினைவிருக்கும்.

ஆசிரியர்கள் எல்லாம் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. நோயாளி எதிரிலேயே மாணவரை ‘முட்டாள்’ என்பவர்கள் இருக்கிறார்கள். கை கழுவாமல் அடுத்த கட்டிலுக்குப் போகும் சீஃப்களும் உண்டு, ‘வேண்டப்பட்ட’ மாணவருக்கு நடத்தை மார்க் கூட்டிப் போடுபவர்களும் உண்டு. நடத்தையை அளக்க இன்னும் நல்ல தராசு எங்களிடம் இல்லை. அதை எங்களிடம் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை: எந்த அளவுகோலில் மார்க் போட்டீர்கள் என்று மரியாதையாகவே கேளுங்கள். மோசமான சீஃப் ஒருவர் வாய்த்துவிட்டால், அவரிடமிருந்து மருத்துவத்தை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை வார்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

நாளைக் காலை ரவுண்ட்ஸ் எட்டு மணிக்கு. ஏழரைக்கே வார்டில் இருங்கள். 14ஆம் பெட்டை முதலில் பாருங்கள், நேற்று இரவு ஆக்சிஜன் போட்ட ஆள் அவர். சர்க்கரை நோயாளி வேறு. போர்வையை விலக்கிக் காலையும் பார்த்துவிடுங்கள்.