கழுவக் கழுவக் கலங்கும் மீன் தொட்டி

கேள்வி: மகளின் பிறந்த நாளுக்கு இரண்டடிக் கண்ணாடித் தொட்டியும் நான்கு கோல்டு ஃபிஷ்ஷும் வாங்கினோம். கடைக்காரர் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஏர் பம்ப்பும் கொடுத்தார். ஞாயிறுதோறும் மீன்களை வாளியில் விட்டுவிட்டு, தொட்டி, கூழாங்கல், ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்புகிறேன். அன்றைக்குப் பளிச்சென்று இருக்கிறது. புதன்கிழமைக்குள் கஞ்சித் தண்ணீர் மாதிரி வெளுத்துவிடுகிறது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஒன்று செத்தும்விட்டது. கடையில் நீல மருந்து கொடுத்தார்கள், ஊற்றியும் பலனில்லை. ஸ்பாஞ்ச் ஃபில்டருக்குச் சக்தி போதாது, பவர் ஃபில்டர் வாங்குங்கள் என்கிறார்கள். எதிர்வீட்டு அக்கா, கேன் தண்ணீர் ஊற்றினால் கலங்காது என்கிறார். மகள் தினமும் அழுகிறாள். என்ன செய்யட்டும்?

வாசகி, திருச்சி

பதில்: உங்கள் ஃபில்டரில் குறை இல்லை, சகோதரி. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அவ்வளவு அக்கறையோடு செய்யும் கழுவல்தான் புதன்கிழமை தண்ணீரைக் கலக்குகிறது. மீன் செத்ததற்கும் பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கும். தொட்டியை விற்கும்போது, ஸ்பாஞ்சை எப்படிக் கழுவ வேண்டும், எப்போது அதைத் தொடவே கூடாது என்று உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் கடைகள் மிகக் குறைவு. அதனால் புதிதாக மீன் வளர்க்கும் பல வீடுகளில் இதே கதைதான்.

ஸ்பாஞ்சை எல்லோரும் சல்லடை என்று நினைத்துக்கொள்கிறோம். அழுக்கைப் பிடிப்பது அதன் சின்ன வேலை. பெரிய வேலை கண்ணுக்குத் தெரியாது. கோல்டு ஃபிஷ்ஷுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போய்ச் சீக்கிரமே கழிவாக வெளியே வந்துவிடும். அது போதாதென்று செவுள் வழியாக அமோனியாவை இடைவிடாமல் தண்ணீரில் விட்டுக்கொண்டே இருக்கும். மிச்சத் தீவனம் அழுகினாலும் அமோனியாதான். இதற்கு நிறமில்லை, செவுளைப் புண்ணாக்கிவிடும். பழகிய தொட்டியில் ஒரு வகைப் பாக்டீரியா இந்த அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரோஸ்பைரா போன்ற இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான். நைட்ரேட் அவ்வளவு பொல்லாதது இல்லை. வாராவாரம் கொஞ்சம் தண்ணீரை மாற்றினால் கட்டுக்குள் நிற்கும்.

இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிவது அபூர்வம். ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டுதான் வாழும். ஆக்சிஜன் ஓயாமல் வேண்டும். ஏர் பம்ப்பின் காற்று நடுக்குழாயில் குமிழியாக ஏறும்போது தண்ணீரையும் சேர்த்து மேலே தூக்கிக்கொண்டு போகிறது. அந்த இடத்தை நிரப்பச் சுற்றியுள்ள தண்ணீர் ஸ்பாஞ்சின் துளைகள் வழியே உள்ளே வருகிறது. ஆயிரக்கணக்கான துளைகள், ஒவ்வொன்றின் சுவரிலும் பாக்டீரியா, அதைத் தொட்டுக்கொண்டே ஓடும் தண்ணீர். இவ்வளவு எளிய ஏற்பாட்டில் இவ்வளவு நல்ல வேலை நடக்கிறது என்பதால்தான் மீன் குஞ்சு பொரிக்கும் பண்ணைகளில் இன்றைக்கும் வரிசை வரிசையாக ஸ்பாஞ்ச் ஃபில்டர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. சென்னை கொளத்தூர்ப் பக்கம் போனால் பார்க்கலாம்.

மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் சேர்ப்பதே கிருமியைக் கொல்லத்தான். ஸ்பாஞ்சை அதில் பிசைந்து கழுவினால் ஒரு வாரமாக அங்கே குடியேறியதெல்லாம் போய்விடும். கல்லையும் கண்ணாடியையும் தேய்த்துவிட்டதால் அங்கிருந்தவையும் மிஞ்சாது. ஆக, ஞாயிறு சாயங்காலம் உங்கள் தொட்டியில் மீன் இருக்கிறது, தீவனம் இருக்கிறது, கழிவைச் சீரணிக்க யாருமில்லை. திங்கள், செவ்வாயில் அமோனியா ஏறுகிறது. அழுகும் தீவனத்தைத் தின்று பெருகும் வேறு வகைப் பாக்டீரியாக்கள் தண்ணீரிலேயே மிதந்துகொண்டு சில மணி நேரத்தில் பல மடங்காகிவிடும். நீங்கள் பார்க்கும் வெள்ளைக் கலங்கல் அவைதான். நமக்கு வேண்டிய பாக்டீரியாவுக்கு அந்த வேகம் கிடையாது. ஒருமுறை இரட்டிப்பாகவே ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். கலங்கலை உண்டாக்கும் கூட்டம் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்வதால்தான் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. கலங்கியதைப் பார்த்து நீங்கள் மறுபடி எல்லாவற்றையும் கழுவுகிறீர்கள். தொட்டி ஒவ்வொரு வாரமும் முதல் நாளிலிருந்தே தொடங்குகிறது.

முதலில் அந்த நீல மருந்தை நிறுத்துங்கள். அது அநேகமாக மெத்திலின் புளூவாக இருக்கும். பூஞ்சை பிடித்த மீனைத் தனி வாளியில் வைத்துப் பார்க்கும்போது அதற்கு ஒரு இடம் உண்டு. ஃபில்டர் ஓடும் தொட்டியில் ஊற்றினால் ஸ்பாஞ்சில் ஒட்டிய நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அழித்துவிடும். தண்ணீர் கலங்குகிறது என்றதும் இந்தப் பாட்டிலை எடுத்து நீட்டும் வழக்கம் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

இனி தொட்டியை மொத்தமாகக் கழுவ வேண்டாம். கூழாங்கற்களை எடுத்துவிடுங்கள், கோல்டு ஃபிஷ் தரையைக் கிளறித் தின்னும் மீன், கல் இடுக்கில் சேரும் அழுக்கை உங்களால் எட்ட முடியாது, வாய்க்குள் அடங்கும் அளவுக் கல் தொண்டையில் சிக்குவதும் உண்டு. வெறும் கண்ணாடித் தரையே நல்லது. ஒருநாள் விட்டு ஒருநாள் கால் பங்குத் தண்ணீரை மட்டும் ஒரு ட்யூப் போட்டு அடியிலிருந்து உறிஞ்சி எடுங்கள். தரையில் கிடக்கும் நூல் நூலான கழிவும் அதோடு வந்துவிடும். அவ்வளவு கனமான கழிவை ஸ்பாஞ்ச் ஃபில்டர் இழுக்காது, அதை எதிர்பார்க்கவும் கூடாது. புதுத் தண்ணீரை முந்தின நாளே வாளியில் பிடித்துவைத்து, கடையில் ஆன்ட்டி குளோரின் என்று விற்கும் மருந்தைப் பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் சேர்த்து ஊற்றுங்கள். மொட்டைமாடித் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்ட நாளில் தண்ணீரையே மாற்றாதீர்கள். மத்தியானம் குழாயைத் திறந்தால் வரும் சூட்டுத் தண்ணீரும் ஆகாது. தொட்டித் தண்ணீரும் வாளித் தண்ணீரும் கைக்கு ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

பாக்டீரியா நன்றாகக் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை தீவனம் ஒருவேளை மட்டும், ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு. மகளுக்கு இது கஷ்டமாக இருக்கும், கோல்டு ஃபிஷ் எப்போதும் பசித்த முகத்தோடு கண்ணாடிக்கு வரும். எத்தனை முறை போட்டாலும் அது வரும், அதனால் அந்தப் பார்வையை நம்பி அளவை ஏற்ற வேண்டாம் என்று அவளுக்குச் சொல்லுங்கள். இந்த நாட்களில் லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் கல் உப்பை ஒரு மக்கில் கரைத்து, தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம். உங்கள் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் ஐம்பது லிட்டர் அளவுக்குத் தண்ணீர் பிடிக்கும். ஐம்பது கிராம் உப்பு போதும். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே ரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். பிறகு தண்ணீர் மாற்றும்போது வெளியே எடுத்த தண்ணீருக்கான உப்பை மட்டும் சேர்த்தால் போதும்; ஆறு வாரம் கழித்து அதையும் நிறுத்திவிடலாம்.

பவர் ஃபில்டருக்கு எடுத்துவைத்த காசில் அமோனியாவும் நைட்ரைட்டும் பார்க்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சொட்டுகளை விட்டு, குலுக்கி, ஐந்து நிமிடம் வைத்துவிட்டு அட்டையோடு ஒப்பிட வேண்டும். பெரும்பாலான கிட்டுகளில் அமோனியாவுக்கு மஞ்சளாகவே நின்றால் நல்லது. பச்சை ஏற ஏற ஆபத்து. மகளையே செய்யச் சொல்லுங்கள், விரும்பிச் செய்வாள். கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீரிலும் அமோனியா மீனைக் கொல்லும் அளவுக்கு இருக்கலாம். லேசாகக் கலங்கிய தண்ணீரில் துளிகூட இல்லாமலும் இருக்கலாம். தெளிவை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் நீங்கள் ஏமாந்துவிடுவீர்கள்.

இந்த ஆறு வாரத்தைச் சுருக்க ஒரே ஒரு நல்ல வழி உண்டு. தெரிந்தவர் யாராவது மாதக்கணக்கில் நோயில்லாமல் மீன் வளர்க்கிறார் என்றால், அவர் தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஸ்பாஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அவர் தொட்டித் தண்ணீரிலேயே நனைந்தபடி, காயவிடாமல் கொண்டுவந்து அன்றைக்கே உங்கள் ஏர் பம்ப்பில் மாட்டிவிடுங்கள். சில நாளில் வித்தியாசம் தெரியும்.

ஸ்பாஞ்சைக் கழுவவே கூடாது என்று அர்த்தமில்லை. குழாய் வாயில் தண்ணீர் புரண்டு வருவது குறைந்துவிட்டது என்றால் துளைகள் அடைத்துவிட்டன என்று பொருள். உங்கள் தொட்டியில் அது மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை நடக்கலாம். தண்ணீர் மாற்றும் நாளில், தொட்டியிலிருந்து உறிஞ்சிய தண்ணீரைக் கொட்டாமல் ஒரு வாளியில் வையுங்கள். ஏர் பம்ப்பை நிறுத்திவிட்டு, ஒரு பாலித்தீன் பையைத் தண்ணீருக்குள் இறக்கி ஸ்பாஞ்சை உள்ளே விட்டு, பையோடு தூக்குங்கள். பையில்லாமல் தூக்கினால் உள்ளே இருந்த பழுப்பு வண்டல் எல்லாம் தொட்டியிலேயே கொட்டிவிடும். பிறகு வாளித் தண்ணீரில் நான்கைந்து முறை மெதுவாக அழுத்திப் பிழியுங்கள். தண்ணீர் காபி நிறத்துக்கு வரும். ஸ்பாஞ்ச் இன்னும் பழுப்பாகவே இருக்கும், வெளுக்கவைக்க முயல வேண்டாம். அந்தப் பழுப்பில்தான் உங்களுக்கு வேண்டியது இருக்கிறது. சோப்பு, கொதிநீர், வெயிலில் காயவைப்பது எதுவும் கூடாது.

இன்னொரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் வாங்கிப் போடுங்கள், அதிக விலையில்லை. இரண்டு இருந்தால் ஒரு முறை ஒன்றையும் அடுத்த முறை மற்றதையும் பிழியலாம். ஒன்றில் எப்போதும் முழு வேலை நடந்துகொண்டிருக்கும். வாங்கும்போது துளை பெரிதாகத் தெரியும் கரடான ஸ்பாஞ்சாகப் பாருங்கள். மெத்தென்ற நுண்துளை ஸ்பாஞ்ச் குஞ்சுத் தொட்டிக்கு நல்லது. கோல்டு ஃபிஷ் கழிவுக்கு ஒரே வாரத்தில் அடைத்துக்கொள்ளும். நடுக்குழாய்க்குள் ஒரு சிறிய ஏர் ஸ்டோன் நுழையுமானால் மாட்டிவிடுங்கள். பெரிய குமிழிகள் பொடிக் குமிழிகளாகி, சத்தம் குறைந்து, அதே பம்ப்பில் அதிகத் தண்ணீர் ஏறும்.

ஏர் பம்ப்பைத் தொட்டித் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்திருந்தால் கரண்ட் போகும்போது ட்யூப் வழியே தண்ணீர் பின்னுக்கு ஓடி பம்ப்பைக் கெடுத்துவிடும், தரையும் நனையும். மேலே வைக்க முடியாவிட்டால் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வாவது வேண்டும். இரவில் சத்தமாக இருக்கிறது என்று சிலர் பம்ப்பை அணைத்துவிடுவார்கள். தண்ணீர் ஓடாமல் பல மணி நேரம் கிடந்தால் ஸ்பாஞ்சுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கிவிடும். சின்ன ஏர் பம்ப் ஐந்து வாட்டுக்குள்தான் இழுக்கும்; வீட்டு இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிடுங்கள்.

எதிர்வீட்டு அக்கா சொல்லும் கேன் தண்ணீர் வேண்டாம். அது பெரும்பாலும் ஆர்.ஓ. தண்ணீர்; அதில் உப்புச் சத்தை எடுத்துவிடுகிறார்கள். அமோனியாவை மாற்றும் பாக்டீரியா, வேலை செய்யச் செய்யத் தண்ணீரின் காரத்தன்மையைச் செலவழிக்கும். கேன் தண்ணீரில் அது மிகக் குறைவு என்பதால் சில வாரத்தில் பி.எச். கீழே இறங்கி, பாக்டீரியாவின் வேலையே படுத்துவிடும். இதைவிடப் பெரிய ஆபத்து அதற்கு அப்புறம் வருகிறது. பி.எச். குறைவான தண்ணீரில் அமோனியா பெருமளவு தீங்கற்ற வடிவத்தில் சேர்ந்துகிடக்கும். அந்த நேரத்தில் யாராவது நல்லெண்ணத்தோடு போர்த் தண்ணீரை நிறைய ஊற்றி பி.எச். ஒரு புள்ளி ஏறினால், நஞ்சான பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகும். நேற்றுவரை நன்றாக இருந்த மீன் இன்று காலை மிதக்கிறது என்று வரும் கடிதங்களில் பலவற்றுக்கு இதுதான் விளக்கம். கோல்டு ஃபிஷ் கொஞ்சம் கடினமான தண்ணீரில் நன்றாகவே வாழும். குளோரின் போக்கிய உங்கள் குழாய்த் தண்ணீரே ஏற்றது.

தண்ணீர் பச்சையாக மாறினால் அது வேறு விஷயம். அது ஒற்றைச் செல் பாசி, ஸ்பாஞ்சின் துளைக்குள் புகுந்து வெளியே வந்துவிடும். ஜன்னல் வெயில் படாமல் தொட்டியை நகர்த்துங்கள், விளக்கு எரியும் நேரத்தைக் குறையுங்கள்.

மீதியிருக்கும் மூன்று மீன் அந்தத் தொட்டிக்கு அதிகம். இப்போது சின்னதாகத் தெரிந்தாலும் ஒராண்டா, பிளாக் மூர் போன்ற குண்டு ரகங்களே அரை அடியை எட்டும். நீள உடம்பு ரகம் அதைத் தாண்டும். முதல் மீனுக்கு எழுபத்தைந்து லிட்டர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் நாற்பது லிட்டர் என்று அனுபவசாலிகள் கணக்குச் சொல்வார்கள். மூன்றடி, நான்கடித் தொட்டிக்கு வீட்டில் இடமிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், மகள் சம்மதத்தோடு ஒன்றை மட்டும் (அதற்கும் இந்தத் தொட்டி சற்றுச் சின்னதுதான்) வைத்துக்கொண்டு, மற்றவற்றைப் பெரிய தொட்டி இருப்பவரிடம் கொடுப்பது மீன்களுக்குச் செய்யும் நல்லது. திருச்சி வெயிலில் இது இன்னும் முக்கியம். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன். 20 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 30 டிகிரியில் 7.5 தான். கோடையில் மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, மேசை விசிறியைத் தண்ணீர் மட்டத்தில் திருப்பிவையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிக் குறையும் தண்ணீரை மட்டும் ஊற்றி நிரப்பிக்கொண்டால் போதும்.

பவர் ஃபில்டரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆறு வாரம் கழித்து அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக நின்று, அப்போதும் பொடித் தூசு மிதப்பது உங்கள் கண்ணை உறுத்தினால் வாங்கலாம். வாங்கினாலும் பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டரை அன்றைக்கே கழற்றிவிட வேண்டாம். இரண்டும் ஒன்றரை மாதமாவது சேர்ந்து ஓடட்டும்.