ஆசிரியப் பணிக்கு இன்றே ஆயத்தமாவோம்



"படித்து முடித்து என்ன ஆகப் போகிறாய்?" என்று யாரேனும் வினவினால், "டீச்சர் ஆவேன்" என்று நம்மில் பலர் உடனே விடையளிக்கிறோம். ஆனால் அதற்கான வழி, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததுமே பிரிந்து விடுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியை ஆக விரும்புவோர் மேனிலைக் கல்வியை இரண்டு ஆண்டுகளும் பட்டப் படிப்பை மூன்று ஆண்டுகளும் முடித்தபின் பி.எட். பயில வேண்டும். முன்பு ஓராண்டாக இருந்த இப்பயிற்சி 2015 முதல் இரண்டு ஆண்டுகளாயிற்று. ஆக, நமக்கு இன்னும் ஏழு ஆண்டுகள் உள்ளன.

ஆறு முதல் பத்து வரையுள்ள வகுப்புகளின் முதன்மைப் பாடங்கள் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகியவை. கணிதம், இயற்பியல், வரலாறு போன்றவற்றில் பட்டம் பெற்றவர் பி.எட். படிப்பிற்கு நேரே விண்ணப்பிக்கலாம். வணிகவியலும் பொருளியலும் மேனிலை வகுப்புகளில்தான் தனிப் பாடங்கள். ஆதலால் தமிழகத்தில் அவற்றைப் பயின்றோர் முதுகலைப் பட்டமும் பெற்ற பிறகே பி.எட். சேர இயலும். தோழி எடுத்தாள் என்பதற்காக ஒரு பிரிவில் சேருபவள் இதனை அறியாவிடில், பின்னர் இரண்டு ஆண்டுகள் கூடுதலாகப் படிக்க நேரிடும். வசதி குறைந்த வீட்டில் அவ்விரண்டு ஆண்டுகளே ஒரு பெண்ணின் கனவைக் கலைத்துவிடக் கூடும். பெற்றோரும் இதனைக் கவனிக்க வேண்டுகிறேன்.

பி.எட். சேரப் பொதுப் பிரிவினர் பட்டப் படிப்பில் குறைந்தது 50 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும். 1856இல் தோன்றிய சைதாப்பேட்டைக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் மதிப்பெண் வரிசைப்படியே இடம் கிடைக்கிறது. பயிற்சிக் காலத்தில் 20 வாரங்கள் பள்ளிகளிலேயே கழியும். பின்னர் அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக, 150 மதிப்பெண்களுக்கான ஆசிரியர் தகுதித் தேர்விலும் வெல்ல வேண்டும்.

இன்று நாம் செய்யக் கூடியவை எவை? முதலாவதாக, கீழ்வகுப்புத் தங்கை ஒருத்திக்கு வாரம் ஒருமுறை கணக்குச் சொல்லிக் கொடுப்போம். ஒருமுறை சொல்லிப் புரியாவிடில் வேறு வழியில் விளக்கப் பழகுவோம். இரண்டாவதாக, கரும்பலகையில் கோணாமல் எழுதவும், கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி பேசவும் பயில்வோம். மூன்றாவதாக, பிரிவைத் தேர்ந்தெடுக்குமுன் நம் ஆசிரியைகளையும் அருட்சகோதரிகளையும் கலந்து பேசுவோம்.

பொறுமை ஒரே நாளில் வருவதன்று. அதனை இறைவனிடம் வேண்டுவோம். அன்றாடம் பழகியும் வருவோம்.