வீட்டில் ஒருவருக்கு இன்ரபெரோன் ஊசி ஏற்றப்படுகிறதா?

ஊர் திரும்பும் குடும்பங்களில் சிலர் நீண்ட காலச் சிகிச்சையின் இடைநடுவில் இருக்கிறார்கள். ஈரலைத் தாக்கும் பி அல்லது சி வகைச் செங்கமாரிக்கு இன்ரபெரோன் ஊசி பெறுபவர்களுக்கும், அவர்களுடன் ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்களுக்கும் இப்பாடம் எழுதப்பட்டுள்ளது. குடும்பமாக இருந்து வாசியுங்கள்.

இது என்ன மருந்து?

கிருமி தொற்றும்போது நமது உடலே இன்ரபெரோன் என்னும் பொருளைச் சுரக்கிறது. அதையே மருந்தாகத் தயாரித்து, வயிற்றிலோ தொடையிலோ தோலுக்குக் கீழ் ஏற்றுகிறார்கள். வாரம் ஒரு முறை ஏற்றும் வகையும், வாரம் மூன்று முறை ஏற்றும் வகையும் உண்டு. வாரம் ஒரு முறை ஏற்றும் வகையைப் பி வகைச் செங்கமாரிக்கு வழக்கமாக 48 வாரங்கள் கொடுப்பார்கள். இந்த மாதங்களில் நோயாளியின் உடலிலும் மனதிலும் ஏற்படும் மாற்றங்களை வீட்டார் அறிந்திருக்க வேண்டும்.

புறப்படுமுன்

இப்போது சிகிச்சை பெறும் வைத்தியசாலையில் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். அதில் மருந்தின் முழுப் பெயர், அளவு, தொடங்கிய திகதி, கடைசியாக ஊசி ஏற்றிய திகதி, கடைசி இரத்தப் பரிசோதனை முடிவு ஆகியவை இருக்க வேண்டும். இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றைக் கிளினிக் கொப்பியுடனும் மற்றதை வேறு பையிலும் வையுங்கள். அடுத்த ஊசியை எந்த வைத்தியசாலையில் பெறுவது என்பதையும் புறப்படுமுன் உறுதிசெய்யுங்கள். ஒரு ஊசி தவறினால் அடுத்த முறை இரட்டிப்பாக ஏற்றக் கூடாது. நீங்களாக நிறுத்தவும் கூடாது. இரண்டுக்கும் வைத்தியரைக் கேளுங்கள்.

மின்சாரம் இல்லாத வீட்டில்

இம்மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். மண்பானைத் தண்ணீர் அந்த அளவுக்குக் குளிராது. தறப்பாள் கொட்டிலில் இருப்பவர்கள் மருந்தை அருகிலுள்ள வைத்தியசாலையின் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஊசிக்குரிய நாளில் அங்கேயே ஏற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். பயணத்தில் ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் வைத்துக் கொண்டுசெல்லலாம். ஆனால் மருந்து ஐஸில் முட்டாதபடி துணியால் சுற்றுங்கள். உறைந்த மருந்து பழுதான மருந்து. அதைக் குலுக்கவோ வெயிலில் வைக்கவோ வேண்டாம்.

பாவித்த ஊசிகளைத் தடித்த பிளாஸ்ரிக் போத்தலில் போட்டு மூடி, வைத்தியசாலையில் ஒப்படையுங்கள். வளவில் புதைத்தால், நாளை காணி துப்புரவாக்கும்போது ஒருவரின் கையில் குத்தும். ஊசி, சவர அலகு, பல்துலக்கி ஆகியவற்றை நோயாளியுடன் பகிர வேண்டாம். வீட்டில் பி வகைச் செங்கமாரி இருந்தால், மற்றவர்களுக்கு இரத்தப் பரிசோதனையும் தடுப்பூசியும் பற்றி விசாரியுங்கள். நாட்டின் குழந்தைத் தடுப்பூசித் திட்டத்தில் இத்தடுப்பூசி 2003இல்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் பிறந்த பலர் இதைப் பெற்றிருக்க மாட்டார்கள்.

காய்ச்சல்: ஊசியாலா, வேறு நோயாலா?

ஊசி ஏற்றிச் சில மணி நேரத்தில் காய்ச்சல், குளிர் நடுக்கம், உடம்பு உளைவு வருவது வழக்கம். இரவில் ஏற்றினால் உறக்கத்தில் கழிந்துவிடும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும். பரசிற்றமோல் எத்தனை எடுக்கலாம் என்பதை வைத்தியரிடம் கேட்டுக் கொப்பியில் எழுதுவியுங்கள். ஈரல் நோயாளிக்கு அளவு குறையலாம்.

‘ஊசிக் காய்ச்சல்தானே’ என்று எல்லாக் காய்ச்சலையும் விட்டுவிடாதீர்கள். இம்மருந்து இரத்தத்தின் வெண்கலங்களையும் குருதிச் சிறுதட்டுகளையும் குறைக்கும். டெங்கும் அவற்றையே குறைக்கும். எனவே காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால், அல்லது ஊசியோடு தொடர்பில்லாத நாளில் வந்தால், உடனே வைத்தியசாலைக்குப் போய் ‘இன்ரபெரோன் ஏற்றுகிறேன்’ என்று முதலில் சொல்லுங்கள். அஸ்பிரின், இபுபுறுபன் போன்றவற்றைக் கடையில் வாங்கி விழுங்க வேண்டாம். இந்தியாவிலிருந்து திரும்பியவர்கள் மலேரியாப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

மனச்சோர்வு: துயரமா, மருந்தா?

இதைக் கவனமாக வாசியுங்கள். இம்மருந்து சிலருக்குக் கடும் மனச்சோர்வை உண்டாக்கும். உயிரை மாய்க்கும் எண்ணமும் வரலாம். உறவுகளையும் வீட்டையும் இழந்து திரும்பியிருக்கும் நமக்குக் கவலை புதிதல்ல. அதனால்தான் ஆபத்து. நோயாளி பேச்சைக் குறைத்தால், ‘பழசை நினைக்கிறார்’ என்று விட்டுவிடுவோம். அது மருந்தின் விளைவாகவும் இருக்கலாம். அப்படியானால் வைத்தியரால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ முடியும்.

நித்திரையின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, பிள்ளைகள் மேல் காரணமில்லாத கோபம், ‘இருந்து என்ன பயன்’ என்ற பேச்சு ஆகியவற்றைக் கவனியுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். வயலுக்கு வாங்கிய கிருமிநாசினியை வீட்டிலிருந்து அகற்றுங்கள். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். ஊசி முடிந்து சில மாதங்கள் வரையும் இந்தக் கவனம் வேண்டும்.

முன்பு மனநோய்க்கோ வலிப்புக்கோ சிகிச்சை பெற்றிருந்தால் வைத்தியரிடம் மறைக்காதீர்கள். அது வெட்கப்படும் விடயமல்ல.

கர்ப்பமும் மதுவும்

சிகிச்சைக் காலத்தில் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். றிபாவிறின் மாத்திரையும் சேர்ந்திருந்தால் அது கருவைப் பாதிக்கும். கணவன் எடுத்தாலும் மனைவி எடுத்தாலும், சிகிச்சை முடிந்த பின்னும் வைத்தியர் சொல்லும் காலம் வரை கர்ப்பத்தைத் தவிர்க்க வேண்டும். குடும்ப நல உத்தியோகத்தரிடம் ஆலோசனை பெறுங்கள். சாராயம், கள் இரண்டையும் முற்றாக விடுங்கள்.

உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

• கண் மஞ்சளாதல், வயிறு வீங்குதல்
• கறுப்பு மலம், இரத்த வாந்தி, முரசில் இரத்தம்
• நெஞ்சு நோ, மூச்சுத் திணறல்
• பார்வை மங்குதல்
• மயக்கம், குழப்பமான பேச்சு
• உயிரை மாய்க்கும் எண்ணம்

இன்றே செய்யுங்கள்

வீட்டில் ஒருவரைப் பொறுப்பாக நியமியுங்கள். ஊசி ஏற்றிய நாள், காய்ச்சல், நித்திரை, சாப்பாடு, மனநிலை ஆகியவற்றை அவர் ஒரு கொப்பியில் நாளுக்கு ஒரு வரி எழுதட்டும். இரத்தப் பரிசோதனைத் திகதிகளையும் குறிக்கட்டும். கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள். நோயாளி சொல்ல மறந்ததையும் சொல்லத் தயங்கியதையும் வைத்தியர் அதிலிருந்து அறிந்துகொள்வார்.