கோ மொழி நிரல்கள்: பெரிய சாவியால் சேவை முடங்காதிருக்க

கோ நிரல்மொழியின் டிஎல்எஸ் நூலகம், இணைப்பின் தொடக்கத்தில் எதிர்த்தரப்பின் சான்றிதழைச் சரிபார்க்கிறது. அதிலுள்ள ஆர்எஸ்ஏ சாவி மிதமிஞ்சிப் பெரியதானால், கையொப்பத்தைச் சோதிக்கும் கணக்கே செயலியின் நேரத்தை விழுங்கி, சேவையை முடக்கிவிடும். தகவல் திருடுபோகாது, ஆனாலும் அலட்சியப்படுத்தத் தக்க பழுதன்று. 2023 ஆகஸ்டில் வந்த 1.20.7, 1.19.12 பதிப்புகள் 8192 பிட்டுக்கு மேற்பட்ட சாவிகளை மறுக்கின்றன.

பலர் தவறவிடுவது இது: கோ நிரலுக்குள்ளேயே நூலகமும் சேர்த்துத் தொகுக்கப்படுகிறது. எனவே கணினியில் கோவைப் புதுப்பித்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு நிரலையும் மறுபடி தொகுத்து, சேவையகத்தில் மாற்றி, மறுதொடக்கம் செய்ய வேண்டும். பழைய கோப்பு எந்தப் பதிப்பில் உருவானது என்பதை ‘கோ வெர்ஷன்’ கட்டளையோடு அதன் பெயரைத் தந்து அறியலாம். வாடிக்கையாளரிடம் சான்றிதழ் கேட்கும் சேவையகங்களையும், முன்பின் அறியாத தளங்களோடு இணையும் நிரல்களையும் முதலில் மாற்றுவது நல்லது.